ஐந்து படகுக்குப் பத்து பெல்ட்

மாமா பிறவியிலேயே இறுக்கக்காரர். ஜாடியை அவர் மூடினால் மறுபடி திறக்க அவரே வர வேண்டும். வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி வைத்திருப்பவருக்கு இது குணமா குற்றமா என்று கேட்காதீர்கள். இருபது வருஷத்தில் ஒரு பீரோகூட அவர் வண்டியில் அசைந்ததில்லை.

அன்று ஏற்றியது பீரோ அல்ல, கயாக். ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் படகு. ஐந்தும் அவருடைய கொழுந்தியாளுடையவை. பேங்க் வேலையை உதறிவிட்டு, கையிலிருந்ததையெல்லாம் கொட்டி வாங்கியிருந்தாள். பதினொரு மணிக்கு ஏரியில் முதல் வகுப்பு, நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால்தான் இன்னும் நாலு பேர் வருவார்கள். சொதப்பினால் குடும்பமே "அப்பவே சொன்னோமே" என்று ஆரம்பித்துவிடும்.

அப்பவே சொன்னவர்களில் முதல் ஆள் யார்? சாட்சாத் இதே மாமாதான். "மாசச் சம்பளத்தை விட்டுட்டு தண்ணியில விளையாடப் போறாளாம்!" என்று சாப்பாட்டு மேசையில் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் கூடவே சிரித்தாள். அப்புறம் கை கழுவப் போனவள், குழாயைத் திறந்து விட்டபடி ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். அதைப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்கு உள்ளுக்குள் உறுத்தல். "லாரி என்னுது, நானே கொண்டு வரேன்" என்று வலியப் போய் நின்றது அதனால்தான்.

"மாமா, கையால இழுத்து நிறுத்தினா போதும், ரொம்ப இறுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரில் முன்னே போய்விட்டாள்.

சொன்னால் கேட்கிற ஆளா? படகுகளைக் கவிழ்த்து, கீழே மூன்று, மேலே இரண்டு, படகுக்கு இரண்டு பெல்ட். பெல்ட்டை இறுக்கும் பல்சக்கரத்தைக் கிர்ர் கிர்ர் என்று, கை வலிக்கும் வரைக்கும் முறுக்கினார். பாவத்தைக் கழுவ வேண்டாமா? மேலே மண்டையைப் பிளக்கும் வெயில். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு படகாவது அசையணுமே! ம்ஹும்.

ஏரிக்கரையில் பெல்ட்டை அவிழ்த்தவர் படகைத் தடவித் தடவிப் பார்த்தார். வெயிலில் இளகிய பிளாஸ்டிக், பெல்ட் பட்ட இடமெல்லாம் உள்ளே குழிந்திருந்தது. ஐந்து படகுக்கும் அடிவயிற்றில் குழி. அப்படியே தண்ணியில இறக்கிட்டா யாருக்குத் தெரியும் என்று ஒரு மனசு ஓதியது. அதற்குள் அவள் வந்துவிட்டாள்.

"என் தப்புதான்மா. நீ சொல்லியும் கேக்கல."

"அய்யோ மாமா!" தலையில் கை வைத்தாள். ஒரு நிமிஷம்தான். "டீக்கடையில வெந்நீர் வாங்கிட்டு வாங்க. ஓடுங்க!"

மாமா ஓடினார். தொப்பை முன்னே ஓட, இரண்டு வாளியோடு ஏழு தடவை ஓடினார். அவர் வெந்நீரை ஊற்ற, அவள் உள்ளேயிருந்து முட்டியால் குத்த, டொப் டொப் என்று நான்கு படகு சரியாயின. ஐந்தாவதின் இடப்பக்கக் குழி மட்டும் மசியவே இல்லை. அதற்குள் நான்கு பேரும் வந்து நின்றார்கள். அவள் தான் ஓட்ட வைத்திருந்ததையும் சேர்த்து நல்லதை எல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, குழி விழுந்ததில் ஏறிக்கொண்டாள்.

அது இடப்பக்கமாகவே இழுத்தது. நேராகப் போக, இடது கையால் ஒரு துடுப்பு கூடுதலாகப் போட்டாள். அதுதான் பாடம் என்று நினைத்து நான்கு பேரும் அப்படியே போட, நான்கு படகும் வலப்பக்கம் திரும்பிப் புதரைப் பார்க்கப் போயின.

"என்னைப் பாக்காதீங்க! நான் சொல்றதை மட்டும் செய்யுங்க!" என்று சிரித்துக்கொண்டே துரத்திப் பிடித்தாள். பயந்து உறைந்துபோன ஒரு அம்மாவின் படகை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் தன் கோணல் படகை நேராகவே செலுத்தினாள். கரையில் நின்ற மாமா கண்ணை எடுக்கவே இல்லை. இதைப் போய் விளையாட்டு என்று சொன்னோமே என்று கூசினார்.

வகுப்பு முடிந்ததும் நான்கு பேரும் அடுத்த வகுப்பு என்றைக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாமா முழங்கால் தண்ணீரில் இறங்கி அவள் படகைப் பிடித்தார்.

"அன்னைக்கு நான் சிரிச்சது தப்புமா. நீ வேலைய விட்டது சரிதான்."

அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"இதை அன்னைக்கே யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா மாமா? மூணு மாசமா நான் தூங்கவே இல்ல."

மாமா இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பற்றினார். அவள் இறங்கும் வரை படகு ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.