சுவருக்கு மட்டும்

“மேடம், நீங்க இப்படிப் பிடிவாதம் பிடிச்சா நாங்க வேற ஆளைத்தான் பார்க்கணும்” என்றான் டாரியஸ். மூக்கில் பிராணவாயுக் குழாய் இருந்தது. அவன் மனைவி லொரைன் மருத்துவமனைக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து அவனை உட்கார வைத்திருந்தாள்.

“சரிங்க, அப்படின்னா பைக்கு மட்டும்...” என்று இழுத்தாள் அவள்.

டாரியஸ் கண்ணை மூடிக்கொண்டான். “போச்சு. இப்பதான் சுவருக்கு மட்டும்னு சொன்ன. அதுக்குள்ள பையையும் தூக்கிக் குடுத்துட்ட.”

“உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிங்க முடியாதுன்னு சொல்றது?”

“என் முகத்தை எதுக்குப் பார்க்கிற? நான் இப்ப கமலா. ஹோட்டல் மேனேஜர்.”

நிஜக் கமலா மூன்று மணிக்கு அழைப்பாள். சிராங்கூன் சாலையில் திறக்கப்போகும் ஹோட்டலின் வரவேற்புக்கூடச் சுவருக்காக லொரைன் தேக்கா சந்தையை வரைந்திருந்தாள். அதே படத்தைப் பை, கோப்பை, சட்டை என்று எதில் வேண்டுமானாலும் காலத்துக்கும் அச்சடித்துக்கொள்ள உரிமை வேண்டும் என்றார்கள் ஹோட்டல்காரர்கள். சுவருக்கு மட்டும்தான், வேறு எதற்கானாலும் திரும்பக் கேட்க வேண்டும் என்று டாரியஸ் மின்னஞ்சல் எழுதினான். ஓவியரிடமே நேரடியாகப் பேசிக்கொள்கிறேன், வியாழக்கிழமை அழைக்கிறேன் என்று கமலா பதில் போட்டாள். அந்தப் பதில் வந்த அன்று மாலைதான், புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி நாள் கணக்குத்தான் என்றார் மருத்துவர்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கடைக்காரர் தொலைபேசியில் கேட்டதற்கெல்லாம் லொரைன் சரி சரி என்று தலையாட்டியிருந்தாள். அவள் வரைந்த பூக்காரப் பெண்மணி காகிதப் பைகளில் ஏறி ஊரெல்லாம் சுற்றினாள். ஒரு நாள் பஃபலோ சாலைக் கால்வாயில் அந்த முகம் நனைந்து மிதந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. டாரியஸ் அப்போது செம்பவாங் கப்பல் பட்டறையில் ஒப்பந்தங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கோபத்தில் அவன் புக்கிட் மேரா சமூக மன்றத்தில் தொடங்கியதுதான் கலைஞர்களுக்கான சனிக்கிழமை வகுப்பு. நடனம் ஆடுகிறவர்கள், மிருதங்கம் வாசிக்கிறவர்கள், மண்பாண்டம் செய்கிறவர்கள் எல்லாம் வந்தார்கள். எதில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது, எப்படித் தலை நிமிர்ந்து பேசுவது என்று சொல்லிக்கொடுத்தான். அடாவடி வாடிக்கையாளராக நடித்து அவர்களை வறுத்தெடுப்பான். லொரைன் கறிபப்பும் தேநீரும் கொண்டுபோய் வைத்ததோடு சரி. பேசுவதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கும்போது அவளுக்கு அது எதற்கு?

“ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி” என்று சிரித்தான் டாரியஸ். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. “அத்தனை பேருக்கும் சொல்லிக்குடுத்தேன். உனக்குச் சொல்லிக்குடுக்கல பாரு.”

லொரைனுக்குப் பயமாக இருந்தது. காலையில் ஃபாதர் வந்து அவன் நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்தபோதுகூட இப்படி நடுங்கவில்லை. புருஷன் கிடக்கிற கிடப்பில் ஒரு ஃபோனுக்குப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவன் இல்லாத முதல் நாள் இன்றைக்கு மூன்று மணிக்கே வந்துவிடப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

“வேணாங்க. நாளைக்குப் பேசறேன்னு மெசேஜ் போட்டுடறேன். நீங்க படுங்க.”

“நாளைக்கு யாரு பக்கத்துல உட்காருவா?” என்றான். “சொல்ல வேண்டியதைச் சொல்லு. சொல்லிட்டு வாயை மூடிக்க. எதிராளி பேசற வரைக்கும் திறக்காத. சும்மா இருக்கப் பயந்துகிட்டுப் பேசற ஆளுதான் விட்டுக்குடுக்கும். என்ன? இன்னும் ஒரு தடவை.”

அவன் ‘நீ’ என்றால் புருஷன். ‘நீங்க’ என்றால் கமலா. தலையணையில் சாய்ந்து குரலைச் சரிசெய்துகொண்டான்.

“மேடம், படம் ரொம்ப அழகா இருக்கு. பை, கப்பு எல்லாம் சேர்த்துக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்.”

“சுவருக்கு மட்டும்தாங்க. வேற எதுல போடறதா இருந்தாலும் திரும்ப என்னைக் கேக்கணும்.” குரல் நடுங்கினாலும் வாக்கியம் முழுசாக வந்துவிட்டது.

“அப்படியா... யோசிச்சுட்டு... சொல்றோம் மேடம்.”

லொரைன் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவன் கண் பாதி மூடியிருந்தது. யோசிக்கிற வாடிக்கையாளர்கள் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார்கள் என்று வகுப்பில் நடித்துக்காட்டியிருக்கிறான். கள்ளன், என்னைப் பேச வைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாள். பிராணவாயு ‘உஸ்’ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஈரமான கார் நிறுத்துமிடம். பைக்கு மட்டும் தரேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினாள். கப்பு வேண்டுமானால் என்று ஒன்று வந்தது, அதையும் விழுங்கினாள். இவ்வளவு நேரம் அவள் யாரிடமும் தாக்குப்பிடித்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தொலைபேசி அடித்தது. பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டு, பார்த்தீங்களா என்பதுபோல அவன் பக்கம் திரும்பினாள்.

அவன் வாய் சற்றுத் திறந்திருந்தது. போர்வை ஏறி இறங்கவில்லை.

“ஹலோ, மேடம் லொரைனா? கமலா பேசறேன். உங்க ஈமெயில் பார்த்தேன். பை, கப்பு எல்லாம் சேர்த்துத் தந்தீங்கன்னா எங்களுக்கு வசதியா இருக்கும்.”

லொரைன் அவன் கையைப் பிடித்தாள். சூடு இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள், அவன் திருப்பி அழுத்தவில்லை. கத்த வேண்டும் என்று இருந்தது.

“கப்பு வேணாம்னா விட்டுடலாம் மேடம். பை மட்டும்?”

விரல்கள் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள். எத்தனை நேரமாக இப்படி? எந்த வார்த்தையை அவள் விழுங்கிக்கொண்டிருந்தபோது?

“மேடம்? சரி, உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது. பாஸ்கிட்ட நான் பேசிக்கறேன். சுவருக்கு மட்டும்னே எழுதிடலாம். ஓகேவா?”

லொரைன் சத்தத்தைக் கூட்டி, தொலைபேசியை அவன் காதோரம் தலையணையில் வைத்தாள்.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா?”

தாதி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலைப் பார்த்துவிட்டு வேகமாக நெருங்கினாள். லொரைன் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.