வல்லியும் தொங்குபலகையும்

எங்கள் ஊரில் இறந்துபோனவர்கள் ஒரு வருடம் வீட்டுப் பரணில் இருப்பார்கள். முதல் திவசத்தன்று ஒரு காற்று வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும். அதுவரை அவர்களோடு பேசலாம். ஆனால் ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் அண்டாவும் பழைய சூட்கேசும்தான் இருக்கும். பரண் விளிம்பை விரல்களால் பற்றி, கால் தரையில் படாமல் தொங்கினால்தான் குரல் கேட்கும். கை விட்டால் பேச்சும் விட்டுப்போகும்.

என் மனைவி செண்பகவல்லி மாசி மாதம் பரணுக்குப் போனாள்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். தாளைத் தவிர வேறு எதையும் என் விரல்கள் பெரிதாகத் தூக்கியதில்லை. முதல் நாள் தொங்கியபோது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் கீழே கிடந்தேன். பக்கத்து வீட்டு சங்கிலி, வெல்டிங் பட்டறைக்காரர். பரணுக்குப் போன தன் அப்பாவோடு நிலத் தகராறு முழுவதையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் இறங்குவார். எனக்குப் பொறாமையாக இருந்தது. வல்லிக்கோ எதையும் ஆதியிலிருந்து சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். பால் வரவில்லை என்பதற்குப் பால்காரரின் மச்சினி கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பாள். நான் கல்யாணப் பந்தலுக்குள் நுழைவதற்கு முன்பே விழுந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசி வாக்கில், என்னிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று, அதற்கும் அந்தக் கல்யாணத்திலிருந்தே ஆரம்பித்தாள். நான் விழுந்தேன். மறுநாளும் அங்கிருந்தே ஆரம்பித்தாள், மறுநாளும் விழுந்தேன். அவள் கேட்க வந்தது என்னவென்று தெரியாமலே மாசி வந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. அந்த நினைப்பில் கடையில் ஒருவருடைய ரேஷன் கார்டைக் கட்டுக்கட்டாக நகல் எடுத்து வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

எதிர்வீட்டு ஜெபசீலி பாறையேறும் பெண். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். தொங்குவதற்கும் பயிற்சி இருக்கிறது, அதற்கான பலகையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றாள். பழைய கதவுப் பலகை ஒரு துண்டு போதும். அதன்மேல் விரலின் முதல் கணு பதிகிற அளவுக்கு ஒரு ரீப்பர் சட்டத்தை ஒட்டி, பின்பக்கத்திலிருந்து ஸ்குரூ போடவேண்டும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கவேண்டும், இல்லாவிட்டால் தோல் கிழியும். வார்னிஷ் கூடவே கூடாது, வழுக்கும்.

செய்தேன். அடுக்களை நிலைக்கு மேலே துளையிட்டு முடுக்கினேன். முதலில் கால் ஸ்டூலில் இருக்க, கைக்குப் பாதி எடைதான். பிறகு ஸ்டூலைத் தள்ளிவிட்டு முழு எடை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தொங்கவேண்டும். தசையைப் போல விரல் நரம்பு சீக்கிரம் கெட்டிப்படாது, அவசரப்பட்டால் அறுந்துவிடும் என்று ஜெபசீலி சொல்லியிருந்தாள். அந்த விட்ட நாட்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பரணைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். மார்கழியில் பந்தலைத் தாண்டினேன். தை பிறந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் சாம்பார் வந்துவிட்டது.

தை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாள்.

"ஏங்க, நீங்க மட்டுந்தான் தொங்குதீங்கன்னு நெனச்சிட்டு இருக்கீங்க. நானும் இந்தப் பக்கம் தொங்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கும் கை வலிக்கி. எனக்கும் ஒரு பலகை செஞ்சு தாங்களேன்."

"உக்காந்துகிட்டே பேசலாம்லா, வல்லி."

"உக்காந்தா ஒங்க சத்தம் கேக்காதுல்லா."

அதற்குப் பிறகும் இருவரும் இறங்கவில்லை. கை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தோம். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அவளுக்கு மாமரக் கட்டையில் செய்தேன். அவளுடைய இடது மோதிர விரல் அப்பளம் பொரிக்கும்போது சுட்டுக்கொண்டது, முழுக்க மடங்காது. அந்த விரலுக்கு மட்டும் ஒரு குழி ஆழமாகக் குடைந்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்து உறுத்தாமல் ஆகும் வரைக்கும் உப்புத்தாள் போட்டேன். பரணில் தள்ளி வைத்துவிட்டு மறுநாள் தொங்கியபோது, மேலே ஸ்குரூ முடுக்கும் சத்தம் கேட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் தினமும் தொங்கினாள். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

திவசத்துக்கு முந்தின நாள், "காத்து வரட்டும், புடிச்சுப் பாக்கேன்," என்றாள். நல்லது என்றேன்.

திவசத்தன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து பரண் விளிம்பில் தொங்கினேன். காற்று வந்தது. அண்டா உருண்டது. மேலே அவள் புடவை படபடத்தது. பலகை முறுகுகிற சத்தம் கேட்டது.

"விட்ராத, வல்லி."

"பேசாம இருங்க. பிடி நழுவுது."

காற்று இழுத்து இழுத்துப் பார்த்தது. வெறுங்கையோடு போக அதற்கு மனமில்லை போலிருக்கிறது, கடைசியில் பரணை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிடிக்க விளிம்பில்லாமல் நான் தரையில் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மாமரப் பலகை மட்டும் அந்தரத்தில் நின்றது. வல்லி அதில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து அடியில் போய் நின்றேன். பாதங்களை என் தோளில் ஊன்றினாள். பிறகு ஒவ்வொரு விரலாக விட்டு, மெல்லத் தோளிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் எடை பழையபடி அப்படியேதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் என் தலைமுடியைக் கோதிவிட்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்றாள்.

கிளம்பினோம். வாசல் நிலையில் மட்டும் அவள் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.