பிரிக்கக் கூடாத பொட்டலம்

ஓய்வெடுக்கப் போகிறேன் என்று திருமலைச்சாமி வாயைத் திறந்தாலே சண்முகவள்ளிக்கு அடிவயிற்றிலிருந்து எரிச்சல் கிளம்பும். பின்னே? கொடைக்கானல் கடைவீதியில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கிற மனுசன், இதோடு சரி, இனி எல்லாம் மகன் பாடு என்று தை பிறந்தால் ஒரு தடவை, ஆடி பிறந்தால் ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருந்தால், பெண்டாட்டிக்காரி எத்தனை காலம்தான் தலையாட்டுவாள்? வீட்டில் சாய்ந்து கிடக்கவென்று ஆசாரியிடம் சொல்லி ஒரு நாற்காலி செய்தார். அது வந்து இறங்கிய அன்றைக்கே மண்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒரே மகன் வேலப்பன். அவனைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளனே எழுந்து லாரியில் மூடை ஏற்றுவது, கிழங்கு போடுகிற காட்டுக்காரர்களிடம் விலை பேசுவது, பள்ளிக்கூட விடுதிகளுக்குக் கிழங்கு அனுப்புவது எல்லாச் சோலியும் அவன்தான். ஆனால் நாலு சாக்கு வாங்க வேண்டுமென்றாலும் அப்பா முன்னால் போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டும். அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. மண்டிச் சாவியோ இன்னும் அப்பாவின் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது.

போன ஆனியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அப்போதாவது கொடுத்தாரா? "நானே வந்து தொறக்கேன், ஒருத்தரும் அவசரப்படாதீக" என்று சாவியை இடுப்போடு பிடித்துக்கொண்டார். தேறி வந்து அவர் மண்டிக் கதவைத் திறந்தபோது கிழங்கெல்லாம் முளைவிட்டு, அழுகல் நாற்றம் தெருமுனைவரை அடித்தது. "மழைக்காலம்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்றார். சண்முகவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே இந்தப் பூ கேட்கிற கூத்து. அவர்கள் குடும்பத்தில் பெரிய காரியம் எதுவானாலும் முருகனிடம் பூ கேட்டுத்தான் செய்வார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வாழையிலையில் உள்ளே தெரியாதபடி கட்டிக் கோயிலில் சாமி காலடியில் வைக்க வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் பொறு என்கிறது. எடுக்காத பொட்டலத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. சாமி வேண்டாமென்று தள்ளியதைப் பார்ப்பது குற்றமாம், அப்படியே ஓடையில் போட்டுவிடுவார்கள்.

மண்டியை மகன் கையில் விடலாமா என்று திருமலைச்சாமியும் மூன்று வருசமாகக் கேட்கிறார். கேட்டபோதெல்லாம் சிவப்பு. "நானா வேணாங்கேன்? முருகன் விட மாட்டேங்கான், என்னைய என்ன செய்யச் சொல்லுதீக?" என்று இரண்டு கையையும் விரித்துவிடுவார்.

இந்த ஆடியில் வேலப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. ஒட்டன்சத்திரத்தில் அவன் மாமனாருக்குக் காய்கறி மண்டி இருந்தது. ஆண்பிள்ளை இல்லாதவர், வந்துவிடுங்கள் மாப்பிள்ளை என்று ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, வெள்ளிக்கெழம பூ கேக்காருல்ல, சிவப்பு வந்துச்சுன்னா நான் புள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கீழ எறங்கிருவேன். அதுக்கப்புறம் மலையேற மாட்டேன்."

அவன் குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பேரப்பிள்ளைகள் சத்தம் இல்லாத வீட்டில், இந்தக் குளிரில், இந்த மனுசனோடு தனியாக!

பொட்டலம் எப்போதும் அவர்தான் கட்டுவார், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. அந்த வெள்ளிக்கிழமை குளிரில் விரல் மரத்துப்போய் வாழைநார் கை நழுவி நழுவி விழுந்தது.

"கொண்டாங்க, நான் கட்டுதேன்."

"வேணாம், வேணாம். ஆம்பளதான் கட்டணும்."

"அப்பிடின்னு எந்தச் சாமி ஒங்ககிட்ட வந்து சொன்னுச்சு?"

வேலப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மகன் எதிரே மேற்கொண்டு பேச முடியாமல் அவர் பூக்கூடையை நீட்டினார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கீழேயிருந்து பஸ்ஸில் வரவழைத்த பூ. கூடை கொள்ளாமல் சிவப்பு அரளி கிடந்தது, வெள்ளை ஒரே ஒரு கொத்து. முருகா, என்னைய மன்னிச்சிரு, ஒனக்கும் இந்த ஆளத் தெரியும்ல என்று முணுமுணுத்தபடி அந்த ஒற்றைக் கொத்தை இரண்டாகப் பிய்த்து இரண்டு பொட்டலத்திலும் வைத்துக் கட்டினாள்.

கோயிலில் பூசாரி மயில்சாமி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

வேலப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சண்முகவள்ளிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. திருமலைச்சாமியின் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. பூவையே முறைத்துப் பார்த்தவர், "மயில்சாமி, அந்த இன்னொன்னையும் பிரி" என்றார்.

"அய்யய்யோ, அது வழக்கமில்லைங்களே!"

அவர் காதில் வாங்கவில்லை. தானே எட்டி எடுத்து நாரைப் பிய்த்துப் பிரித்தார். அதிலும் வெள்ளை.

"ஏ புள்ள! சாமிகிட்டயே களவாணித்தனமா?"

பூசாரியும் மகனும் அவளைப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது அவளுக்கு. தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தவளுக்குக் கூடையில் கிடந்த அத்தனை சிவப்பும் நினைவுக்கு வந்தது. மெதுவாக நிமிர்ந்தாள்.

"இருங்க. ஒங்க பாட்டன் காலத்துலருந்து பூ கேக்கீக. எடுக்காத பொட்டலத்த இதுவரைக்கும் ஒருத்தரும் தொட்டதில்ல. ரெண்டுலயும் ஒரே பூ இருக்கும்னு ஒங்களுக்கு மட்டும் எப்பிடிங்க தோணுச்சு?"

அவர் பிரித்த இலையைத் திரும்பச் சுருட்டப் பார்த்தார். பூசாரி அவசரமாகத் திரும்பி விளக்குத் திரியைத் தூண்ட ஆரம்பித்தார்.

"மூணு வருசமா ரெண்டுலயும் சிவப்பாப்பா?" என்றான் வேலப்பன்.

திருமலைச்சாமி படியில் தொப்பென்று உட்கார்ந்தார். "வெள்ளனே முழிப்பு வந்துருதுலே. மண்டியத் தொறக்கப் போகலன்னா நான் எங்கலே போவேன்?"

சண்முகவள்ளிக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அழுகையும் வந்தது. "இதச் சொல்றதுக்கு இத்தன வருசமா வாயில்லையாக்கும்? முருகன் தலையிலயா கொண்டுபோயி வைக்கணும்?"

"மண்டிக்குத்தான் வருவீக, வேற எங்க போவீக?" என்றான் வேலப்பன். "ஒங்க நாற்காலி அங்கனதான கெடக்கு. நான் தொறந்து வைக்கேன், நீங்க வாங்க." அவன் கையை நீட்டவில்லை, அப்படியே நின்றான்.

அவர் வெகுநேரம் சாவியைத் தடவிக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. பூசாரியிடம் பூமாலை நறுக்குகிற கத்தியை வாங்கித் தானே அறுத்து மகன் கையில் வைத்தார்.

இறங்கி வரும்போது நாலு எட்டு வைத்திருப்பார். "ஏலே, கதவத் தூக்கித் தொறக்கணும்லே. வெரசா இழுத்தா மாட்டிக்கிரும், கேட்டியா?"

யப்பா சாமி, ஆரம்பிச்சாச்சா என்று வாய்வரைக்கும் வந்தது சண்முகவள்ளிக்கு. அவர் கை வேட்டிக்கு மேலாக வெறும் இடுப்புக் கயிற்றைத் தேடுவதைப் பார்த்தாள். பக்கத்தில் ஒட்டிக் கூடவே நடந்தாள்.