போறணைக்கு வைத்த பூ

தேவராசாவுக்கு இத்தாலியில் ஒட்டிக்கொண்ட வியாதி ஒன்று இருந்தது. எதை வாயில் வைத்தாலும், "இது விறகு நெருப்பில வெந்திருந்தா எப்பிடி இருக்கும் தெரியுமோ?" என்பார். பாண் ரொட்டிக்கும் அதே கேள்விதான், கத்தரிக்காய்க்கும் அதே கேள்விதான். பலர்மோ நகரத்தில் ஒரு பீட்சாக் கடை அடுப்படியில் ஏழு வருஷம் நின்ற மனுஷன். கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அம்பிட்டியவுக்குத் திரும்பியபோது கொஞ்சம் காசையும் நிறைய முதுகுவலியையும் கொண்டுவந்தார். கூடவே, வீட்டு வளவில் செங்கல்லால் பீட்சா சுடுகிற விறகுப் போறணை ஒன்று கட்டியே தீருவது என்ற பிடிவாதத்தையும் கொண்டுவந்தார்.

காசையும் முதுகுவலியையும் கமலாசனி சமாளித்துக்கொண்டாள். போறணைதான் அவளுக்குத் தொண்டையில் நின்றது.

காரணம் இருந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், கண்டி நகரத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டைத் தமிழர் வீடென்று கொளுத்தினார்கள். உடுத்த சேலையோடு ஓடிப் பிழைத்தவள், அதற்குப் பிறகு ஒரே ஒரு கொள்கையோடு வாழ்ந்தாள்: யார் கண்ணிலும் படக்கூடாது. வானொலியைத் தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி வைப்பாள். பொட்டை வாசலிலேயே அழித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அயலில் யாராவது சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பாள், அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. தொண்ணூற்றாறு வரைக்கும் அந்தக் கொள்கை அவளைக் கைவிடவில்லை. வடக்கில் யுத்தம் நடந்தது, இங்கே அவள் சத்தமில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது இந்த மனுஷன் போறணையை முன்வளவில், ரோட்டோரமாகக் கட்டப்போகிறாராம். பின்வளவு ஆடுகூட நிற்க யோசிக்கிற சரிவு. வேறு இடமில்லை.

"இஞ்சாருங்கோ, முன்பக்கம் வேண்டாம். போறவாற சனமெல்லாம் பாக்கும்."

"பாத்தா என்னப்பா? போறணை என்ன ஆளைச் சுடுற துவக்கோ?"

"துவக்கோ போறணையோ எண்டு கேட்டுப்போட்டே வருவினம்?"

தேவராசாவுக்குக் காது கேட்கவில்லை. இந்த விஷயத்தில் அவருக்கு எப்போதுமே காது கேட்காது.

வத்தேகமவில் மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சூளைக் கற்கள் விலைக்கு வந்தன. அவருடைய சிநேகிதர் ராஜலிங்கம் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "அண்ணே, இந்தக் கல்லு காலம்பூரா நெருப்புத் தின்ன கல்லு. ஒங்க ரொட்டிக்கெல்லாம் அசராது, பாருங்க" என்றார்.

வேலை மும்முரமாக நடந்தது. வட்டமாக ஒரு மேடை கட்டி, அதன்மேல் ஈர மணலைக் கவிழ்த்த கிண்ணம்போலக் குவித்தார். மணலுக்கு நனைந்த பேப்பர் போர்த்து, அதைச் சுற்றிக் களிமண் சாந்தில் கல் அடுக்கிக்கொண்டே மேலே போனார். கல் இறுகியதும், வாய் வழியாகத் தலையை நுழைத்து உள்ளே இருந்த மணலை அள்ளி எடுத்தார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரியும், உள்ளேயிருந்து இத்தாலிப் பாட்டு வரும். சுட்டதைக் கையோடு உள்ளே கொண்டுபோக வசதியாக, வாயை வீட்டுப் பக்கம் பார்க்க வைத்திருந்தார். மழைக்குத் தாங்கட்டும் என்று வெளியே சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளையடித்தார். உச்சியில் புகைபோக்கிக்காகச் சதுரமாக ஒரு கட்டு. அந்த ஓட்டைக்குள் தண்ணீர் இறங்காமல், தகரத்தைக் கூராகச் சுருட்டி மூடினார். ஈரம் காயுமுன் நெருப்பு வைத்தால் வெடித்துவிடும் என்பதால், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

புத்தர் பிறந்தநாளான வெசாக் பௌர்ணமி விடிந்தது. முற்றம் கூட்டப்போன கமலாசனி, ரோட்டுப் பக்கமாகப் போறணையின் அடியில் ஒரு தட்டில் பூவைக் கண்டாள். விகாரைக்கு வைக்கிற வெள்ளை அரலியப் பூ, நடுவில் ஒரு தாமரை மொட்டு, பக்கத்தில் புகைகிற ஊதுவத்தி. யார் வைத்த கூத்து இது என்று படலையைத் திறந்து ரோட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளைவெளேரென்ற அரைக்கோளம், அதன்மேல் சதுரம், சதுரத்தின்மேல் கூர். பௌத்த விகாரைகளில் சனம் கும்பிடுகிற தாதுகோபுரமேதான். அளவில் சின்னது, அவ்வளவுதான். தமிழன் வீட்டு முற்றத்தில் ஒரு தாதுகோபுரம்.

"ஐயோ, இதென்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்" என்று உள்ளே ஓடினாள்.

ஆனால் அன்றைக்கே வேறொன்றும் நடந்தது. மேல்வீட்டுச் சிங்கள மனுஷி சிறியாவதி, அத்தனை வருஷத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவள், பாற்சோறு கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த கிழமை பலாக்காய் வந்தது. சந்திக் கடை முதலாளி, "நோனா, சாமானை நான் அனுப்பி வைக்கிறேன்" என்றார். முச்சக்கரவண்டிக்காரர்கள் வளைவில் ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போனார்கள். கமலாசனிக்கு நிம்மதியான நித்திரை வந்தது. எண்பத்துமூன்றுக்குப் பிறகு அவள் அப்படித் தூங்கியதே இல்லை.

"காஞ்சிட்டுது கமலா. ஞாயிறு பத்தவைப்பம்" என்றார் தேவராசா.

"உங்களுக்கென்ன விசரே? தாதுகோபுரத்துக்குத் தமிழன் நெருப்பு வச்சான் எண்டு கண்டி முழுக்கக் கதை போகும். இது இப்பிடியே இருக்கட்டும். இது நிக்கும்வரைக்கும் ஒருத்தரும் எங்கட வீட்டில கை வைக்கமாட்டினம்."

"அப்ப பொய்யிலயே குடியிருக்கப்போறம்?"

"எண்பத்துமூண்டில உண்மையிலதானே குடியிருந்தனாங்கள்."

மனுஷன் எழும்பினார். குளிர்ந்து கிடந்த போறணைக்கு முன்னால் போய்க் குந்திக்கொண்டார். கமலாசனிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அவர் போறணை வாய்க்கு இரும்பு மூடி பார்க்கக் கம்பளைக்குப் போயிருந்த நாளில் சிறியாவதி வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு நாணயம். கண் சிவந்திருந்தது. இருவரும் பேசியது சிங்களத்தில்.

"ராணுவத்தில் இருக்கிற மகனை யாழ்ப்பாணத்துக்கு மாற்றிவிட்டார்கள், நோனா. நாளைக்குப் பயணம். நல்லபடி திரும்பி வந்தால் விளக்கேற்றுகிறேன் என்று இந்த நாணயத்தை இங்கே நேர்ந்து கட்டவேண்டும். விகாரைப் படி ஏற முழங்கால் விடுவதில்லை. நீங்கள் வாசலிலேயே தாதுகோபுரம் கட்டியது நான் செய்த புண்ணியம்."

ஒரு சொல், "கட்டுங்கள்" என்று ஒரே ஒரு சொல் போதும். அதோடு இந்த வீடு பத்திரம். கமலாசனியின் அக்கா மங்களேஸ்வரி இருப்பதும் அதே யாழ்ப்பாணத்தில்தான். இந்தப் பொடியன் அங்கே துவக்கோடு போகப்போகிறான். அவனுக்கு என்ன நடந்தால் எனக்கென்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தாள், நினைத்துவிட்டு வெட்கப்பட்டாள். ஒரு தாய் பிள்ளையின் உயிரைக் கொண்டுவந்து பாண் சுடுகிற போறணையில் கட்டிவிட்டுப் போவதை, பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

சிறியாவதியின் கையைப் பிடித்து, வீட்டுப் பக்கமாகச் சுற்றி அழைத்துக்கொண்டு வந்தாள். போறணையின் வாய் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே படுத்திருந்த பூனை தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தது.

"இது பாண் போறணை" என்றாள் கமலாசனி.

சிறியாவதி பூனையைப் பார்த்தாள். கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன் இத்தனை நாளும் சொல்லவில்லை?"

"பயம்."

"யாரிடம்? எங்களிடமா?"

சேச்சே, அப்படியில்லை என்று சொல்வதுதான் மரியாதை. பதின்மூன்று வருஷமாக அவள் அந்த மரியாதையைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"ஆமாம். உங்களிடம்தான்."

சிறியாவதியின் முகம் சுருங்கிப்போனது. நாணயத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படலையைத் தாண்டிப் போனாள்.

தேவராசா வந்தபோது கமலாசனி நகையையும் வீட்டு உறுதிப் பத்திரத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லிப்போட்டன்" என்றாள். அவர் இரும்பு மூடியை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெயில் சாய்கிற நேரம் படலை கிறீச்சிட்டது. சிறியாவதி நின்றாள். அவளுக்குப் பின்னால், தலைமயிரை ஒட்ட வெட்டிய அவள் மகன், தலையில் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். போறணைக்குப் பக்கத்தில், ரோட்டுக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் அதைப் போடச் சொன்னாள். போட்டதும் ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்கள் மாத்தயாவைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். முதல் பூ வைத்தது நான். புகையைக் கண்டு கேட்கிறவனுக்கு நான் பதில் சொல்கிறேன்."

தேவராசா பூனையைத் துரத்திவிட்டு விறகை அடுக்கினார். தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. கடைசியில் அந்தப் பொடியன்தான் குனிந்து வாங்கிக் கொளுத்தினான். தகரத்தை எடுத்துவிட்ட உச்சியிலிருந்து புகை சுருண்டு மேலே போனது.

சும்மா இருக்குமா ரோடு? முதலில் ஒரு முச்சக்கரவண்டி நின்றது. பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலைந்து பேர். "என்ன இது, தாதுகோபுரத்துக்குள் நெருப்பா?" என்று ஒருவன் குரலை உயர்த்தினான். உள்ளே ஜன்னல் ஓரம் நின்ற கமலாசனி நகைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பாண் போறணை, மகனே" என்றாள் சிறியாவதி, எழும்பாமலே. "நான்தான் கிழவி, கண் தெரியாமல் பூ வைத்தேன். நீயும் கும்பிட்டாய்தானே?"

அவன் தலையைச் சொறிந்தான். யாரோ சிரித்தார்கள். இன்னும் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவளும் சலிக்காமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கமலாசனி பையை மேசையில் வைத்தாள். உள்ளேயிருந்து இன்னொரு கதிரையை எடுத்துக்கொண்டு போய், ரோட்டைப் பார்த்தபடி, சிறியாவதிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.