ஒத்துக்கொண்டால் எவ்வளவு?

பொலிஸ் சாஜன் அவனை ஒன்றும் கேட்கவேயில்லை. லிந்துலைச் சந்தியில் தன்பாட்டுக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். தலையில் சாக்கோடு வந்த ஆண்டியப்பன்தான், காக்கியைக் கண்டதும் தேயிலைத் தோட்டத்துப் பழக்கத்தில் சுமையை இறக்கி, தலைப்பாகையைக் கழற்றி, துரைக்கு வைக்கிற சலாமை அவருக்கு வைத்தான். இறக்கிய வேகத்தில் சாக்கின் வாய் அவிழ்ந்தது. காய்ந்த மிளகாய்க்கு அடியிலிருந்து கஞ்சாக் கட்டுகள் சரிந்தன. ஒன்று சாஜனின் சப்பாத்தில் முட்டி நின்றது. முப்பத்தெட்டு வயதில் ஆண்டியப்பனின் மரியாதையை ஓர் அதிகாரி திரும்பிப் பார்த்தது அதுவே முதல்தடவை.

சாக்கு சோலைமலைக் கங்காணியுடையது. "மொளகாடா, பஸ்ஸுல ஏத்தி விடு" என்று கொடுத்தவர் அவர். கங்காணி கொடுத்த சுமையைப் பிரித்துப் பார்க்கிற ஆள் அந்த மலையில் இன்னும் பிறக்கவில்லை. பொலிசில் அவர் பேரைச் சொல்கிற ஆளும்தான்.

பிடிபட்டவனைப் பிணையில் எடுத்தவரும் கங்காணியே.

"கேஸன்னைக்கு குத்தத்த ஒத்துக்க. கசிப்புச் சாராயக் கேஸுல நம்மாளுக ஒத்துக்கிட்டு, அபராதத்தக் கட்டிட்டு வரலியா? மத்தியானச் சோத்துக்கு வீட்டுல இருப்ப. அபராதம் என் பொறுப்பு."

"ஒத்துக்கிட்டா தண்டன எவ்வளவுங்கய்யா குடுப்பாங்க?"

"நீ ஒத்துக்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

கங்காணி வழக்குப் பேசப் பிடித்துத் தந்த புரக்டரிடமும் அதையே கேட்டான். "பாத்துக்கலாம்" என்றார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் கேட்டான். அவர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

அதன்பிறகு கங்காணியின் அன்பு கூடிக்கொண்டே போனது. பத்து வருஷம் கெஞ்சியும் மாறாத லயத்து வீட்டுக் கூரைத் தகரம் இரண்டே நாளில் மாறியது. நாகலெட்சுமிக்குச் சேலை வந்தது. வழக்கன்று காலை, ஒரு புதுக் கம்பளியும் வந்தது.

"மத்தியானம் வர்ற மனுசனுக்கு எதுக்குங்க கம்பளி?" என்றாள் நாகலெட்சுமி.

"கோர்ட்டுல குளிருமாம்" என்றான். சொன்ன அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"உள்ள போட்டுட்டா தோட்டத்துல ஒங்க பேர வெட்டிருவாங்க. லயத்த விட்டு எறக்கிட்டா, ரெண்டு புள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்கங்க போவேன்?"

கோர்ட்டு வாங்குப் பலகையில் அவனுக்குப் பக்கத்தில் கைவிலங்கோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நோட்டன் பிரிட்ஜ் ஊர்க் கஸ்பர். அவருடையதும் கஞ்சா வழக்கு. காலையில் முதல் வழக்காக முடிந்திருந்தது. அடுத்தது ஆண்டியப்பனுடையது. வாசலில் நின்ற கங்காணி அவனைப் பார்த்து, மாட்டை ஓட்டிவிடுகிறவரைப் போல, மெல்லத் தலையை அசைத்தார்.

"அண்ணே, நீங்களும் ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கிட்டேன்."

"அபராதம் எவ்வளவுங்கண்ணே?"

கஸ்பர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வாசலில் நின்றவரையும் பார்த்தார்.

"அபராதமெல்லாம் கசிப்புக்குத் தம்பி. இதுக்கு ஜெயிலு. ஒத்துக்கிட்டேனேன்னு மனசெறங்கி, ஒரு வருசத்த எட்டு மாசமாக்குனாரு நீதவான். நல்ல மனுசன்தான். ஆனா சரக்கு யாருதுன்னு ஒரு வார்த்த கேக்கல. ஒத்துக்கிட்டவன்கிட்ட என்னத்தக் கேக்குறது? ஒன்ன ஒத்துக்கச் சொல்றதே அந்தக் கேள்வி வராம இருக்கத்தான்."