பல்வலிக்கு ஒரு முழு மாத்திரை

பள்ளி வேன் ஓட்டுகிறவன் காலையில் வண்டியைக் கொண்டுபோய்ப் பால் பூத் சுவரில் மோதினான். நல்லவேளை, பிள்ளைகள் யாரும் இன்னும் ஏறவில்லை. அவனுக்குக் கண் சொருகியிருந்தது, நாக்கு குழறியது. எங்கள் தெருவுக்கு வேறென்ன வேண்டும்? குடி என்று மத்தியானத்துக்குள் முடிவு கட்டிவிட்டோம். வேன் முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

அவன் குடிக்கவில்லை என்பது அவனுடைய அண்ணிக்குத் தெரியும். விடியப்போகிற நேரத்தில் பல்வலியில் துடித்தவனிடம், "பல்வலிக்குத்தான் தம்பி, போட்டுக்கோ" என்று கொடுத்தது அவளுடைய தூக்க மாத்திரை. டாக்டர் அவளுக்கே பாதிதான் சொல்லியிருந்தார். ஆம்பளைக்குப் பாதி எந்த மூலைக்கு என்று முழுசாகக் கொடுத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், தூக்க மாத்திரை போடுகிற அவளைப் பைத்தியம் என்று பேசுவார்களாம். பேசுவோம்தான், எங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர்கள் அடுப்படி ஜன்னலும் எங்கள் அடுப்படி ஜன்னலும் எதிரெதிர்.

மறுநாள் அவன் வீங்கிய கன்னத்தோடு அண்ணியின் அடுப்படிக்கு வந்தான்.

"அண்ணி, அந்த மாத்திரை இன்னொன்னு இருக்கா? வலி போன இடமே தெரியல."

"தீந்துபோச்சு தம்பி."

"பேரைச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன்."

அவள் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

"அண்ணன்கூட வாயை ஊதிக் காட்டச் சொல்றாரு. நீங்க ஒருத்தர்தான் அண்ணி என்னை ஒரு வார்த்தை கேக்கல."

பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, தையல் மிஷின் டிராயரைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, ஒரு காலில் அவள் செருப்பும் மறுகாலில் புருஷன் செருப்புமாக முதலாளியின் ஷெட்டுக்குப் போனாள். எனக்கும் அந்தப் பக்கம் ஏதோ வேலை இருந்தது. பாதித் தெருவுக்கும் இருந்தது.

"அவன் குடிக்கல. பல்வலி மாத்திரைன்னு பொய் சொல்லி, என் தூக்க மாத்திரையை நான்தான் குடுத்தேன்."

முதலாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்கு எதுக்கும்மா தூக்க மாத்திரை?"

"தூக்கம் வரல. அதுக்கு."



"முதல்ல பல்லைப் புடுங்கச் சொல்லு" என்று அவர் சாவியை அவளிடமே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாவியையும் அட்டையையும் கொழுந்தன் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாவியைத் தொடவில்லை.

"பிள்ளைங்க ஏறியிருந்தா, அண்ணி?"

"அதைத்தான் தம்பி நேத்துலேர்ந்து நினைச்சுக்கிட்டிருக்கேன்."

முதல் தடவையாக நானே எங்கள் ஜன்னலைச் சாத்தினேன்.