பேய் கேட்டால் கொடுப்பீர்கள்

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு முந்திரித் தோப்பு இருக்கிறது. அங்கேதான் எனக்குப் பேய் பிடித்ததாம். பிடித்தது எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தபிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

நான் எம்.ஏ. ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் பழைய ஆங்கிலப் பேய் நாவல்கள் ஒரு பேப்பர். எல்லாம் ஒரே அச்சுதான்: இடிந்த கோட்டை, மழை, மெழுகுவர்த்தி, மாடியில் பூட்டிய அறை, உள்ளே யாரோ முனகும் சத்தம். பூட்டைத் திறந்தால் பெரும்பாலும் பேய் இருக்காது. சொன்னபடி கேட்காத ஒரு பெண் இருப்பாள். கதாநாயகி மட்டும் முக்கியமான நேரம் பார்த்து மயங்கி விழுவாள். அவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வகுப்பில் ஆளுக்கொரு காட்சியை நடித்துப் படிக்க வேண்டும் என்றார்கள். பூட்டிய அறைக்காரியின் காட்சியை நான் கேட்டு வாங்கினேன். வீட்டில் எந்நேரமும் டிவி அலறும் என்பதால் ஒத்திகைக்குத் தோப்புக்குப் போனேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். வெள்ளைக்காரப் பேய்க்கு நள்ளிரவு வேண்டும். நம்மூர்ப் பேய்க்கு உச்சிவெயில் போதும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, முடி காய விரித்துப் போட்டிருந்தேன். ஆளில்லாத தோப்பில் அந்தக் கோலத்தில் நின்று, "ஓப்பன் திஸ் டோர்! ஐ ஆம் நாட் டெட்!" என்று முந்திரி மரத்தைப் பார்த்துக் கத்தினால், கொட்டை பொறுக்க வந்த திருப்பதி என்ன நினைப்பார்? கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

அவர் வீட்டில் போய்ச் சொன்னதை எல்லோரும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். என் அண்ணன் பாலாஜி திருச்சியில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவன். அன்று வீட்டில் இருந்த அவன், நான் திரும்பியதும் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தான். 'அது அவ பாடம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. எங்கள் மாமா மகள் வைஷ்ணவியை அவன் கட்ட வேண்டுமென்றால், மாமா மகன் வசந்துக்கு என்னைக் கொடுக்க வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஏற்பாடு. படித்து முடித்து வேலைக்குப் போக வேண்டும், கட்டிக்கொள்ள மாட்டேன் என்று ஆடி மாதத்திலிருந்து தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த 'மாட்டேன்' எல்லாம் பேய் சொன்னதாக ஆகிவிட்டது.

"கோடாங்கியக் கூப்புட்டு ஓட்டிட்டா, தெளிஞ்சு தலையாட்டிருவாம்மா" என்று யோசனை சொன்னதும் அவன்தான். படித்தவன் செய்கிற வேலையா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பேயோட்டும் கோடாங்கி ராசுவை வரச் சொன்னார்கள். அன்று காலையில், தலைவாரிவிடும் சாக்கில் சொர்ணம் அத்தை என்னிடம் வந்தாள். அப்பாவின் தங்கை. கல்யாணமான புதிதில் பேய் பிடித்து, புருஷன் வீட்டுக்குத் திரும்பாமல் எங்களோடே தங்கிவிட்டவள்.

"பேயாவே பேசிரு தாயி" என்று காதருகே சொன்னாள். "இவளக் கட்டிக் குடுத்தா உசுர எடுத்துருவேன்னு சொல்லு. பயந்து விட்டுருவாக. அடிச்சே கொல்லுற அந்தப் புருஷன்கிட்ட இருந்து நான் அப்படித்தான் தப்பிச்சேன்."

"அப்பறம் என்ன ஆச்சு அத்தை?"

அவள் என் தலையில் சிக்கெடுக்கத் தொடங்கினாள். எனக்குத் தெரியும். அத்தை கையில் யாரும் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். விசேஷ வீட்டில் முன்னால் நிற்க விடமாட்டார்கள். குழம்பில் உப்புக் குறைவு என்று அவள் சொன்னால், "அது பேசுது" என்று அம்மா சிரிப்பாள். பேயை மரத்தில் கட்டிப்போட அவள் உச்சிமுடியைச் சுற்றி அடித்த ஆணி இன்னும் எங்கள் கொல்லைப் புளியமரத்தில் இருக்கிறது.

அதே மரத்தடியில், உச்சிவெயிலில் என்னை உட்கார வைத்தார்கள். கோடாங்கி உடுக்கையை அடித்து நிறுத்தி, என் உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்தார். சுத்தியலும் புது ஆணியும் பக்கத்திலேயே தயாராக இருந்தன.

"யாரு நீ? எங்கிட்டு இருந்து வந்த? ஒனக்கு என்ன வேணும், சொல்லு!"

என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் என்னை யாரும் கேட்டதே இல்லை. பேய்க்கு அந்த மரியாதை உண்டு. அத்தை கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு உறுமல் போதும், தப்பித்துவிடலாம். ஆசையாகத்தான் இருந்தது.

"பிரகதீஸ்வரி" என்றேன். "ஆத்மநாதன் மக. பேயெல்லாம் ஒண்ணும் இல்ல. முடிய விடுங்க, வலிக்குது."

"பாத்தீங்களா, அவ பேரையே சொல்லி ஏமாத்துது" என்றான் பாலாஜி.

நாவலில் பூட்டிய அறைக்காரிக்கும் இதேதான் நடந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று அவள் கத்தக் கத்த, செத்தவள் கத்துகிறாள் என்றார்கள். கதை வழக்கப்படி நான் இப்போது மயங்கி விழ வேண்டும். எனக்கு மயக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கையோடு கொண்டுவந்து மடியில் வைத்திருந்த புத்தகத்தைப் பிரித்து அண்ணனிடம் நீட்டினேன்.

"அடிக்கோடு போட்ட எடத்தப் படி."

"எதுக்கு?" என்று பின்வாங்கினான்.

"படிடா" என்றார் அப்பா.

முணுமுணுத்தான். சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "ஓப்பன் திஸ் டோர். ஐ ஆம் நாட் டெட்."

"இதேதான்! அன்னைக்கிக் கேட்டது இந்தச் சத்தந்தான்!" என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த திருப்பதி, பாலாஜியைப் பார்த்து மிரண்டு ஒதுங்கினார்.

கோடாங்கி புத்தகத்தைப் பார்த்தார், ஒட்ட வெட்டியிருந்த பாலாஜியின் தலையைப் பார்த்தார். "தம்பிக்கு ஆணி அடிக்க முடி பத்தாதே" என்று சொல்லிவிட்டு என் முடியை விட்டார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "பேய் இல்லேன்னா நல்லதாப் போச்சு. அப்ப கல்யாணத்த..."

"வேணாம்ப்பா. இதப் பேயி சொல்லியிருந்தா கேட்டுருப்பீங்க. நான் சொல்றேன். ஒங்க மகளா, உசுரோட சொல்றேன். வசந்தக் கட்டிக்க மாட்டேன்."

அப்போது சொர்ணம் அத்தை முன்னால் வந்தாள்.

"அண்ணே, அன்னைக்கி எனக்கும் பேயி இல்ல. நாந்தான் பேசுனேன்."

அப்பாவின் முகம் செத்துப்போனது. "என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொன்னேனே. அழுது அழுது சொன்னேன். அனுசரிச்சுப் போன்னு ஒவ்வொரு தடவையும் பஸ் ஏத்தி விட்டீங்க. பேயி ஒரே தடவதான் சொல்லுச்சு, உடனே கேட்டுக்கிட்டீங்க."

அப்பா புளியமரத்து வேரிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு பாலாஜியைப் பார்த்தார். "மாமாவுக்குப் போன் போடு. ஈஸ்வரியக் குடுக்கலைன்னு சொல்லிரு. வைஷ்ணவியக் குடுக்குறதும் குடுக்காததும் அவுக இஷ்டம்."

அத்தை கோடாங்கியின் சுத்தியலை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனாள். பழைய ஆணியைப் பட்டை பாதி மூடியிருந்தது. நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. நானும் சேர்ந்து நெம்பினேன். அசையவே இல்லை.

"கெடக்கட்டும் விடு தாயி" என்று சுத்தியலைக் கீழே போட்டாள். "வா, சாப்புடுவோம்."

உள்ளே போய்க் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "உப்புக் கம்மி. நாந்தான் சொல்றேன்" என்றாள்.

அம்மா உப்பு ஜாடியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.